எல்லார் வீட்டிலும் பழுதான மின்விசிறி

'ஃபேன் மேடம்' என்பது மாணவர்கள் வைத்த பெயர். மோட்டார் தொழிற்சாலையில் பல வருடம் பொறியாளராக இருந்தவள் அவள். அங்கே வேலை கேட்டு வரும் பிள்ளைகள் மதிப்பெண் சான்றிதழை நீட்டிவிட்டு, வாயைத் தைத்தாற்போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான் பொறியியல் கல்லூரிக்கு நேர்காணல் பயிற்சி கொடுக்க வந்தாள்.

"ஊருக்கே பேசக் கத்துக்குடுக்கிற. வீட்ல என்னை மட்டும் பேச விடமாட்டேங்கிற" என்பான் பேருந்து ஓட்டும் அவள் கணவன்.

அவளுக்கு ஒதுக்கியது நாளின் கடைசி வகுப்பு. பாடம் முடிக்காத ஆசிரியர்கள் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள். கிடைத்த நேரத்தில் அவள் சொன்னது ஒன்றுதான்: "உங்க கையால செஞ்சதைச் சொல்லுங்க." உதாரணத்துக்கு, சிறுவயதில் வீட்டு மேசை மின்விசிறியைக் கழற்றி, கெபாசிட்டர் மாற்றி ஓட வைத்த தன் கதையைச் சொன்னாள்.

அங்கேதான் வந்தது வினை. வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனிக்கும் பிளேஸ்மென்ட் சார் அந்தக் கதையைத் தட்டச்சு செய்து, நகலெடுத்து, இறுதியாண்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு எழுத்து மாறக்கூடாது" என்று மனப்பாடம் வேறு செய்ய வைத்தார்.

மோட்டார் கம்பெனி ஒன்று ஆள் எடுக்க வந்தது. உள்ளே போன ஒவ்வொரு பிள்ளையும் சிறுவயதில் மின்விசிறியைப் பழுது பார்த்திருந்தது. விடுதியிலேயே வளர்ந்தவனும் பார்த்திருந்தான், ஏசி வீட்டுப் பெண்ணும் பார்த்திருந்தாள். மதியத்துக்குள் கம்பெனிப் பொறியாளர், "அடுத்த ஃபேனை அனுப்புங்க" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

மாடிப்படியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். இறுதியாண்டு மாணவி, இஸ்திரிக் கடைக்காரம்மாவின் மகள்.

"நான் நெஜமாவே ரிப்பேர் பண்ணேன் மேடம். போன லீவுல, அம்மா துணி தேய்க்கிற ரூம்ல. ஆரம்பிக்கும்போதே அந்த இன்ஜினியர் சிரிச்சிட்டாரு. 'போதும்மா, கதை தெரியும்'னு அனுப்பிட்டாரு. இந்த வேலை வந்தா அம்மாவை அந்தச் சூட்டுலேர்ந்து வெளிய கொண்டாந்துடலாம்னு இருந்தேன்."

அவளை இழுத்துக்கொண்டு நேர்காணல் அறை வாசலுக்குப் போனாள் மேடம்.

"விடுங்க மேடம், ஒழுங்கா மனப்பாடம் பண்ணியிருக்க மாட்டா" என்றார் பிளேஸ்மென்ட் சார்.

மேடம் அவர் பக்கம் திரும்பினாள். "ஒழுங்கா பண்ணதுதான் சார் வினை! என் கதையை எடுத்து எல்லாப் பிள்ளைக்கும் யூனிஃபார்ம் தெச்சுட்டீங்க. நாலு வருஷத்துல ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில குடுத்திருப்பீங்களா?"

அவர் தடுப்பதற்குள் கதவைத் திறந்தாள். "சார், ஃபேன் கதை என்னோடது. ஆனா இந்தப் பொண்ணு நெஜமாவே செஞ்சிருக்கா. ஒரு கேள்வி கேளுங்க, அப்புறம் சிரிங்க."

பொறியாளர் பேனாவை மூடிவைத்திருந்தார். "சரிம்மா. என்ன தப்பு பண்ணே, சொல்லு."

தாளில் இல்லாத கேள்வி. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கெபாசிட்டர் ஒயரை மாத்திக் குடுத்துட்டேன் சார். ரிவர்ஸ்ல சுத்துச்சு. காத்து பின்னாடி போயி, அங்க மடிச்சு வெச்ச துணியெல்லாம் கலைஞ்சுடுச்சு. 'வேலையை ரெட்டிப்பாக்கிட்டியே மகராசி'ன்னு அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க."

"அப்புறம்?"

"மீட்டர் வெச்சு, மோட்டார் சுருள்ல எந்த ஒயர் எதுன்னு பார்த்து மாத்தினேன்."

பொறியாளர் பேனாவைத் திறந்தார். "உட்காரும்மா" என்றார்.

வேலை அவளுக்குக் கிடைத்தது. அவள் ஒருத்திக்கு மட்டும்தான்.

மறுநாள் பயிற்சி வகுப்பு வாசலில் பிளேஸ்மென்ட் சார் நகலெடுத்த சூடு ஆறாத தாள்கட்டோடு நின்றார். "மேடம், ரிவர்ஸ் ஃபேன் பிரமாதம்! அடுத்த கம்பெனிக்கு இதையே போட்டுட்டேன்."

தன் வேலை போனால் மயிரே போச்சு என்று தோன்றியது மேடத்துக்கு. தாள்கட்டை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே குப்பைக்கூடையில் போட்டாள். வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

"இதுவரைக்கும் எதைக் கழட்டிக் கெடுத்திருக்கீங்க? சொல்லுங்க."

விடுதிப் பையன் எழுந்தான். "எதையும் தொட்டதில்ல மேடம். தொட்டா ஃபைன் போடுவாங்க."

அவள் மேலே பார்த்தாள். அந்த அறையின் மின்விசிறி, அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே சுற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"முதல்ல மெயினை ஆஃப் பண்ணு. அப்புறம் அந்த ஸ்டூலை இழுத்துப் போடு."

"சார் வாசல்ல நிக்கிறாரு மேடம்."

"நிக்கட்டும். ஸ்டூலைப் பிடிக்க ஆள் வேணும்."