மீட்டர்காரர் சொன்ன ஏழு மணித் தொடர்

என் தங்கையின் கணவருக்குப் பொய் சொல்ல வராது. பாராட்டாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொல்கிறேன். முப்பது வருடமாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே என்ன எண் தெரிகிறதோ அதை எழுதிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்தப் பழக்கம் வாசலோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சாப்பாடு எப்படி என்று கேட்டால் "சூடா இருக்கு" என்பார். கல்யாணமான புதிதில், "பொண்ணு எப்படி மாப்பிள்ளை?" என்று அவர் வாயைக் கிளறிப் பார்த்தேன். நன்றாக யோசித்துவிட்டு, "என் தோள் உயரம் இருக்காங்க அண்ணி" என்றார். அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் மீட்டர்காரர்.

என் தங்கை பஸ் கண்டக்டர். இருபத்திரண்டு வருடமாக ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகியவள் வீட்டிலும் உட்கார மாட்டாள். நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே தலைவாருவாள். தூக்கத்தில்கூட ஒரு கை மேல்கம்பியைப் பிடித்தபடி இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி உண்மை. அவள் ஒரே இடத்தில் இருப்பது நாளுக்கு அரை மணி நேரம், ஏழு மணித் தொடர் ஓடும்போது மட்டும்.

அப்போதும் சும்மா இருப்பாளா? டிவிப் பெட்டிக்குள் இருப்பவர்களோடு சண்டை பிடிப்பாள். "அவள நம்பாதடி, கதவுக்குப் பின்னாடி நின்னு கேக்கிறா பாரு!" பக்கத்து நாற்காலியில் மீட்டர்காரர் தொடரில் வரும் வீட்டின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இவங்க வீட்ல மூணு மாசமா மணி பத்தே கால்."

"கதையப் பாருங்களேன்!"

"கதையும் மூணு மாசமா அங்கயேதான் நிக்குது."

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு நாள் என் தங்கைக்குப் பஸ் சன்னல் அழுக்காகத் தெரிந்தது. துடைத்தாள். மறுபடி துடைத்தாள். டிப்போவில் இறங்கிய பிறகும் அந்த அழுக்கு கூடவே வந்தது. வலது கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பாக என்னவோ இறங்கிக்கொண்டிருந்தது. விழித்திரை உரிந்துவிட்டதாம். அன்றே அறுவை சிகிச்சை.

டாக்டர் சின்னப் பெண். பேச்சு மட்டும் தலைமையாசிரியை மாதிரி. "சுவத்துல ஒட்டின காகிதம் உரிஞ்ச மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒட்டியாச்சு. அது பிடிக்கிற வரைக்கும் அழுத்திக்க கண்ணுக்குள்ள ஒரு காத்துக் குமிழ் விட்டிருக்கோம். காத்து மேலதான் ஏறும். நீங்க குப்புறப் படுத்திருந்தா அது பின்பக்கம் ஏறிக் காகிதத்தப் பிடிச்சுக்கும். நிமிந்தா நகந்துடும். பத்து நாள் குப்புற இருக்கணும்."

"பத்து நாளா! டாக்டரம்மா, நான் கண்டக்டர். எனக்குப் பத்து நிமிஷம் தாங்காது."

"அதனாலதான் சொல்றேன். இந்தக் கண்ணு போச்சுன்னா கண்டக்டர் வேலையும் போச்சு. டிவி சத்தத்த வேணும்னா கேளுங்க. பாக்கக் கூடாது."

பஸ்ஸிலிருந்து இறங்கிய என் தங்கையை யாராலும் கற்பனை செய்ய முடியாது. அவளாலும் முடியவில்லை.

நடுவில் ஓட்டை வைத்த ஒரு மெத்தைப் பலகையை மருத்துவமனையில் கொடுத்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் அதைப் பொருத்தி முகத்தைப் பதித்துக்கொண்டால் ஓட்டை வழியே தரை தெரியும். மீட்டர்காரர் விடுப்பு எடுத்துக்கொண்டார். நான் அடுத்த தெருவிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினேன்.

முதல் நாள் தொலைக்காட்சியைப் போடவே இல்லை. கண்டக்டர் விசிலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஊதி ஊதி எங்களை ஓடவிட்டாள். விசிலுக்கு நாங்கள் ஒரு நொடி தாமதித்தால் தலையைத் தூக்கிவிடுவாள். "பால் பொங்குது!" "வாசல்ல யாரு?" "அக்கா, அந்த டப்பாவ ஏன் அங்க வெக்கிற?" மீட்டர்காரர் நோட்டில் குறித்தார்: தலை தூக்கியது முப்பத்தொரு முறை. ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தொடரின் பாட்டு சுவர் வழியாக வந்தபோது எழுந்து உட்கார்ந்தே விட்டாள். மறுநாள் டிவியைப் போடுவது என்று முடிவானது. அவளை ஓரிடத்தில் பிடித்து வைக்க உலகத்தில் வேறு வழி இல்லை.

வசனம் அவள் காதில் விழும். காட்சியை யாராவது சொல்ல வேண்டும். கதை சொல்ல நான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

"அடியே, அவ கையில கத்திடி! பின்னாலயே வர்றாடி! ஐயையோ, ஓங்கிட்டாடி!"

"எங்க?" என்று என் தங்கை வில்லாக நிமிர்ந்தாள். திரையில் அந்தப் பெண் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். மீட்டர்காரர் பதறிப்போய் அவள் பின்னந்தலையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். "அண்ணி, நாளைலருந்து நீங்க சொல்ல வேண்டாம்." இத்தனை வயதில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. தைரியம் வந்திருக்காது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் அவரே சொன்னார்.

"ஒரு பொம்பள நிக்கிறாங்க. எதிர்ல இன்னொரு பொம்பள நிக்கிறாங்க. கதவு மூடியிருக்கு."

"அவ மூஞ்சி எப்படி இருக்கு?"

"நேத்து மாதிரியே இருக்கு."

"நீங்க சொல்லி நான் கேக்கறதுக்கு நானே பாத்துக்கறேன்!" தலை மேலே வந்துவிட்டது. அன்றைக்குத் தொடர் முடிவதற்குள் பதினான்கு முறை. கடைசித் தடவை கீழே இறங்கும்போது, "கண்ணு போயிடுமாங்க?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். அவர் சும்மாவாவது போகாது என்று சொல்லியிருக்கலாம். "பதினொண்ணாம் நாள் டாக்டர் சொல்வாங்க" என்றார். எனக்கு அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருந்தது.

ஆனால் தொடர் முடிந்ததும் ஒரு காரியம் செய்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டார். மயக்கம் போட்டுவிட்டார் என்று நான் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன். அரை மணி நேரம் கழித்து, மூக்கு நுனியில் பாயின் அச்சோடு எழுந்தார்.

"இங்கேருந்து தரை மட்டும்தான் தெரியுது அண்ணி."

"பின்ன, வானமா தெரியும்?"

"தரை எனக்குத் தெரியுமே" என்றார்.

எனக்கு அப்போது புரியவில்லை. முப்பது வருடமாக ஆயிரக்கணக்கான வாசல்களில் குந்திய மனிதர் யார் முகத்தையும் சரியாகப் பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் வாசலில் கழற்றிக் கிடக்கும் செருப்புகளைத்தான். எந்த வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டில் சண்டை, யார் அவசரமாக வந்தார், யார் வர மனமில்லாமல் வந்தார், எல்லாம் அவருக்குச் செருப்பு சொல்லும்.

நான்காம் நாள் மணி ஏழு. மாமியாரும் மருமகளும் முறைத்துக்கொண்டு நிற்க, இசை முழங்கியது.

"மாமியார் கால் அசையல," என்றார் மீட்டர்காரர். "மருமக செருப்ப மாத்திப் போட்டுட்டு ஓடி வந்திருக்கு. வலது கால்ல நீலம், இடது கால்ல கறுப்பு. பெருவிரல மடக்கி வெச்சிருக்கு. அழுகைய அடக்குது போல."

என் தங்கையின் தோள்கள் தளர்ந்தன. "பாவம்டி நீ," என்றாள் தரையிடம்.

நான் திரையைப் பார்த்தேன். திரை முழுவதும் முகங்கள். ஒரு காலைக்கூடக் காட்டவில்லை. சமையலறைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன். "மாப்பிள்ளை, செருப்பு எங்க தெரிஞ்சுது?"

காது மடல் சிவந்துவிட்டது. "மூஞ்சிய மட்டும்தானே காட்டறாங்க அண்ணி. அவங்களுக்கும் கீழ காலு இருக்கும் இல்ல? காட்டாத எடத்துல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. தெரியாதத சொன்னா பொய் ஆகாது."

அடேயப்பா! அறுபத்தெட்டு வருடமாக நான் விட்ட கதைகளுக்கு இப்படி ஒரு சட்டம் எனக்குத் தோன்றவே இல்லையே.

அன்றைக்குத் தலை தூக்கிய கணக்கு மூன்று. ஐந்தாம் நாள் அவர் சொன்ன கதையில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு பூனை வந்துவிட்டது. என் தங்கை கிறங்கிப் போனாள். "என்ன நிறம்? அக்கா, நீயும் பாத்தியா?"

கேள்வி என்மேல் பாய்ந்ததும், "பாக்காம என்ன, பால் மாதிரி வெள்ளை," என்று சொல்லிவிட்டேன். அதே நேரத்தில் அவர் "சாம்பல்" என்றார்.

"சாம்பல்தான்," என்றார் மீட்டர்காரர் நிதானமாக. "வயிறு வெள்ளை. உங்க அக்கா உக்காந்திருக்கிற பக்கம் வயிறுதான் தெரியும்."

இவரையா இத்தனை காலம் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்தோம்? அன்றைய கணக்கு பூஜ்யம்.

ஒன்பதாம் நாள்தான் சோதனை. தொடரில் பதினைந்து வருடத்துக்கு முன் காணாமல் போன அப்பா திரும்பி வரும் நாள். ஒரு வாரமாக விளம்பரம் செய்து உயிரை வாங்கியிருந்தார்கள். அழைப்பு மணி அடித்தது. கதவு கிறீச்சென்று திறந்தது. அவ்வளவுதான், சத்தம் நின்றுவிட்டது. திரை நீலமாகி, நடுவில் "சிக்னல் இல்லை" என்று எழுத்து.

"என்னாச்சு? ஏன் யாரும் பேசல? அவர்தானா? சொல்லுங்க!" என் தங்கையின் இரண்டு கைகளும் மெத்தையில் ஊன்றின. முழங்கை நிமிர ஆரம்பித்தது. அந்த முழங்கை நிமிர்ந்தால் ஒன்பது நாள் படுத்த பாடெல்லாம் வீண்.

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு நீலத் திரையைப் பார்த்தார். மீட்டரின் கண்ணாடியில் தூசி படிந்து எண் தெரியாதபோது அப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

"யாருக்கும் பேச்சு வரல," என்றார் மெதுவாக. "வாசல்ல ரெண்டு காலு. வலது செருப்புல வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கு. ரொம்ப தூரம் நடந்த காலு."

முழங்கை நின்றது.

"உள்ள வரலியா?"

"செருப்பக் கழட்டிட்டாரு. திரும்பப் போட்டுக்கறாரு. எங்க விடறதுன்னு தெரியல. முன்ன அவரு விடற எடத்துல இப்ப வேற யாரோட செருப்போ இருக்கு."

என் தங்கை முகத்தை மறுபடி பலகையில் பதித்துக்கொண்டாள். "அவ என்ன பண்றா? பொண்டாட்டி?"

"வர்றாங்க. வெறுங்காலு. குனியறாங்க. அங்க இருந்த செருப்ப ஒரு ஓரமா தள்ளி எடம் பண்றாங்க."

ஓட்டை வழியே ஒரு சொட்டுக் கண்ணீர் தரையில் விழுந்தது. பதினெட்டு நிமிடம் அந்த மனிதர் நீலத் திரையைப் பார்த்துக் கதை சொன்னார். நானும் கேட்டேன். நடுவில் ஒரு தடவை நான் மூக்கைச் சிந்தியதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

பதினொன்றாம் நாள் டாக்டர் விளக்கை அடித்து வெகுநேரம் பார்த்தார். என் தங்கை ஒரு கையால் என் கையையும் மறு கையால் மீட்டர்காரர் கையையும் நசுக்கிக்கொண்டிருந்தாள். "நல்லாப் பிடிச்சிருக்கு," என்றார் டாக்டர். "இனி நிமிந்து உக்காருங்க. மல்லாந்து மட்டும் படுக்காதீங்க. குமிழ் தானா கரைஞ்சிடும். கரையக் கரைய மேலருந்து தெரிய ஆரம்பிக்கும்."

அப்படியேதான் ஆனது. அவள் கண்ணுக்குள் தண்ணீர்த் தொட்டியில் மட்டம் இறங்குவது மாதிரி ஒரு கோடு இறங்கியது. கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கலங்கல். தினமும் காலையில் மீட்டர்காரர் நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்காருவார், நோட்டும் பேனாவுமாக.

"இன்னிக்கு எங்க நிக்குது?"

"உங்க முடி வரைக்கும் தெரியுது. நரைச்சிருக்கு."

இரண்டு நாள் கழித்துப் புருவம். அப்புறம் மூக்கு. மூக்கில் மூன்று நாள் நின்றுவிட்டது. அவர் கவலைப்பட்டுச் சாப்பிடவில்லை. பிறகு மீசை, பிறகு உதடு. "அசையாதீங்க, தாடையப் பாக்கறேன்," என்று அவள் அதட்டினாள். ஓடிக்கொண்டே இருந்தவள் கணவர் முகத்தை இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்து பார்த்து எத்தனை வருடமோ. அவரும் கீழே பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

இருபத்துமூன்றாம் நாள் காலையில் நான் காபியோடு போனபோது அவள் நல்ல கண்ணைப் பொத்தியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா, எங்க நிக்குது?"

"எங்கயும் இல்ல. கோடே இல்ல. முழுசாத் தெரியறீங்க."

அவர் எழுதவில்லை. பேனாவை மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"எப்படி இருக்கேன்?"

என் தங்கை முகத்தை அருகே கொண்டுபோய், ஒட்ட வைத்த அந்த ஒற்றைக் கண்ணால் மேலிருந்து கீழ்வரை அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"இடது காதுல நாலு முடி வளந்திருக்கு," என்றாள். "இருங்க. இன்னும் பாத்து முடியல."