மமதாவின் குடத்துக்குப் பின்னால்

சரோஜா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது மமதா. கம்பெனி கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். போனில், "அக்கா பூட்ச்சி. சீக்கிரம் வா," என்றார். மமதா ஒடிசாக்காரர். அவருடைய தமிழ் முழுக்க அக்காவிடம் கற்றது, அதட்டல் உட்பட. ஒரு நொடி அக்காவே கூப்பிடுவதாகத்தான் நினைத்தேன்.

அக்காவை நினைக்க இங்கே கூடியிருக்கும், அவரோடு பழகி அறிந்த உங்களிடம் அவரை இனிமையானவர் என்று சொன்னால் சிரிப்பீர்கள். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த மமதா குடும்பத்துக்குத் தன் வீட்டின் பின்கட்டை வாடகைக்கு விட்டார். விட்ட நாளிலிருந்து கடுகெண்ணெய் வாசனையில் தலை வலிக்கிறது என்று தினமும் சண்டை. பிறகு அதே எண்ணெயில் பொரித்த மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருக் குழாயில் காலையில் சிறிது நேரம்தான் தண்ணீர் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்ப்போம். திரும்பி வந்தால் மமதாவின் குடம் மட்டும் கடைசிக்குப் போயிருக்கும். நகர்த்துவது பெரும்பாலும் கஸ்தூரி, அக்காவின் ஓரகத்தி. நேற்று வந்தவளுக்கு என்ன அவசரம் என்பது அவர் நியாயம். மமதாவின் முறை வரும்போது குழாயில் காற்றுதான் வரும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பது? மனைவியையும் குழந்தையையும் ஊருக்கே அனுப்பிவிடப் போவதாக மமதாவின் கணவர் அரைகுறைத் தமிழில் அக்காவிடம் வந்து சொன்னார்.

அக்கா யாருக்கும் புத்தி சொல்லவில்லை. மறுநாள் மமதாவின் குடம் கடைசிக்குப் போனதும், முன்னால் இருந்த தன் குடத்தை எடுத்துப்போய் அதற்குப் பின்னால் வைத்தார். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கஸ்தூரி கேட்டார்.

"அவ என் ஊட்ல கீறா. அவளுக்கு இல்லாத தண்ணி எனக்கு இன்னாத்துக்கு?"

அன்று அக்கா வீட்டில் உலை வைக்கவில்லை. அடுத்த நாளும் அதே கதைதான். அவர் கணவர் குளிக்காமல் வயலுக்குப் போனதைத் தெருவே பார்த்தது. அதன் பிறகு மமதாவின் குடத்தை யாரும் தொடவில்லை. கஸ்தூரி மட்டும் கடைசிவரை மமதாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதையெல்லாம் ஒருமுறை நான் புகழப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பாவம் புண்ணியம்லாம் பேசாத. ஊடு வுட்டா தண்ணியும் சேத்துத்தான்," என்றார்.

அக்காவைக் குளிப்பாட்ட, சொந்தக்காரப் பெண்களும் தெருப் பெண்களும் குடத்தோடு வரிசையில் நின்றோம். ஓரகத்தி என்பதால் கஸ்தூரி முதலில் நின்றார். மமதாவும் ஒரு குடம் கொண்டுவந்து, யாரும் சொல்லாமலே கடைசியில் நின்றார். கஸ்தூரி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துபோய் மமதாவுக்குப் பின்னால் நின்றார். நாங்களும் ஒவ்வொருவராக அவர் பின்னால் போனோம். முதல் தண்ணீரை மமதா ஊற்றினார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அக்காவிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள ஒரு பழக்கம்தான் இருக்கிறது. போன வாரம் பீகாரிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தெருவுக்கு வந்தது. மறுநாள் காலை என் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவர்கள் குடத்துக்குப் பின்னால் மமதாவின் குடம் ஏற்கெனவே இருந்தது. என்னுடையதை அதற்கும் பின்னால் வைத்தேன்.