தேநீர்க் குடிலில் கேட்ட பிறந்த நேரம்

மகள் விரும்பிய பெடியன் சிட்னியில் பிறந்து வளர்ந்த ஜப்பான்காரன். அவனுடைய தாய் எங்களைச் சந்திப்பதற்காக, நகரின் மேற்குப் பக்கமுள்ள ஜப்பானியத் தோட்டத்துக்கு அழைத்திருந்தார். வென்ட்வேர்த்வில்லில் வீட்டு வாசலில் கார் ஏறும்போதே மனைவி சொல்லிவிட்டாள்.

"சாதகக் குறிப்புப் பாக்காமல் நான் ஓம் சொல்லமாட்டன். பிறந்த நேரத்தை நீங்கள்தான் கேக்கோணும். எனக்கு அந்தளவு இங்கிலீஷ் வராது."

"அப்பா, ப்ளீஸ். கேட்டீங்கள் எண்டால் நான் அப்பிடியே எழும்பிப் போயிடுவன்," என்றாள் மகள்.

நான் காரைக் கிளப்பினேன். புது ஆட்களிடம் வாய் திறப்பதே எனக்குக் கஷ்டம்.

தோட்டத்து மூங்கில்கள் தலைக்கு மேலே கூடி நின்றன. காற்றுக்கு ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. பெடியனின் தாய் அவனோடு முன்னால் நடந்து, கல் விளக்கையும் சிவப்புப் பாலத்தையும் காட்டிக்கொண்டு போனார். என்னைவிடவும் மெதுவாகப் பேசுபவர்.

"கலியாணம் கதைக்க இடமில்லாமல் பாடைக்கு மூங்கில் வெட்டுற காட்டுக்கோ கூப்பிட்டவா?" என்று மனைவி என் காதுக்குள் கேட்டாள்.

தேநீர்க் குடிலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் இருந்தோம். தாய் பச்சைத் தேநீரைக் கிண்ணங்களில் தந்தார். கசந்தது. மனைவி முழங்கையால் இடித்தாள். எதிரே மகள் உருட்டி விழித்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தபடியே கேட்டுவிட்டேன், உங்கள் மகன் எத்தனை மணிக்குப் பிறந்தவர் என்று.

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். எழும்பிப் போகவில்லை.

தாய் யோசிக்கவேயில்லை. விடியப்புறம் நாலரை என்றார், தேதியோடு. பிறகு தானும் ஒன்று கேட்கலாமா என்றார். மகளுக்கு என்ன இரத்த வகை? அவருடைய ஊரில் அதை வைத்துத்தான் குணம் ஒத்துவருமா என்று பார்ப்பார்களாம். இந்தமுறை பெடியன் தன் மொழியில் தாயிடம் ஏதோ சீறினான்.

எனக்கு அது தெரியாது. மனைவிதான் "ஓ பொசிட்டிவ்" என்றாள். தாய் கண்களை மூடி யோசித்துவிட்டு, திருப்தியாகத் தலையசைத்தார்.

"ரத்தத்திலயோ பொருத்தம் பாக்கிறது? விசர்க்கதை," என்றாள் மனைவி தமிழில்.

"உங்கட நட்சத்திரம் மட்டும் சயின்ஸோ, அம்மா?"

மனைவி கைப்பேசியில் பொருத்தம் பார்க்கும் செயலியைத் திறந்து தேதியையும் நேரத்தையும் தட்டினாள். எல்லோரும் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். எப்படி இருக்கிறது என்று தாய் என்னிடம் கேட்டார்.

"மத்திமம்," என்றாள் மனைவி. "காணும், ஓம் சொல்லலாம்."

மிக நல்ல பொருத்தம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.