படத்தில் போட்ட கோலம்

ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்து பரிசலை நிறுத்தியிருந்த ஆடியில்தான் லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனேன். மாட்டைப் பார்த்துக்கொள்ள என் மனைவி கடத்தூரிலேயே இருந்துவிட்டாள். அவளுக்குக் காட்டுவதற்காக, வாட்டர்கலரில் வழியெல்லாம் வரைந்தேன். பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் அடித்த கை, சுலபமாக வந்தது. மகள் வீட்டை வரையும்போது, வாசல் வந்ததும் கை தானாக, அங்கே இல்லாத ஏழு புள்ளிக் கோலத்தையும் போட்டுவிட்டது.

படத்தைப் பார்த்த மனைவி, "பரவால்லீங்க, எம் பொண்ணு அங்கயும் கோலம் போடறா" என்றாள். நான் மறுக்கவில்லை.

அடுத்த மாதம் அவளே அங்கே போகிறாள். போனில் மகளிடம் சொல்லலாமென்றால் இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் இவளுக்கு முன்பே லண்டன் போகிறீர்கள் அல்லவா? அம்மா வருவதற்குள் கோலம் போடப் பழகச் சொல்லி என் மகளிடம் சொல்லுங்கள். ஏழு புள்ளி, மறந்துவிடாதீர்கள்.