அக்காவின் தாடை

திருப்பதியில் கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டுடியோ ஒன்றில் எனக்கு வேலை. மணப்பெண்ணின் நிறத்தைக் கூட்டுவேன், தழும்பை அழிப்பேன், வராத சித்தப்பாவை வேறொரு படத்திலிருந்து வெட்டி வரிசையில் நிறுத்துவேன். வேலை முடிந்ததும் பழைய பத்திரிகைகளையும் துணிக்கடை கேட்லாக்குகளையும் வெட்டி எனக்காக ஒட்டுவேன். என்னைப் போலவே வெட்டி ஒட்டும் மூன்று பெண்கள் பழக்கமானார்கள். ஒருத்தி புடவை விளம்பரப் பெண்களுக்கெல்லாம் தலைக்குப் பதில் குக்கரை வைத்திருந்தாள். நாலு பேரும் சேர்ந்து ஒரு சின்ன ஹாலில் கண்காட்சி வைத்தோம்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, பாலசமுத்திரத்தில் என் அக்காவின் தாடையை அவள் புருஷன் சுவரில் மோதி உடைத்திருந்தார். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்" என்று டாக்டரிடம் சொன்னாள் அக்கா. கம்பி போட்டுக் கட்டினார்கள். வாரக்கணக்கில் ஸ்ட்ராவில் கஞ்சி குடித்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போன என்னோடு வந்த எக்ஸ்ரே ஃபிலிம் என் அறையில் தங்கிப்போனது.

அவளுடைய கல்யாணப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் எடுத்தேன். சிரித்த வாயை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் எக்ஸ்ரேயின் தாடையை ஒட்டினேன். தோளில் கிடந்த மாமாவின் கையை அப்படியே விட்டேன். அக்காவைக் கேட்காமலே கண்காட்சியில் மாட்டினேன். கேட்டால் வேண்டாம் என்பாள்.

இரண்டாம் நாள் பகலில் மாமா அக்காவை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தார். யாரோ படத்தை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அக்காவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. வீட்டிலேயே அடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்.

"என் மானத்த செவுத்துல தொங்கவுட்டுக்கினு கீறாளே உன் தங்கச்சி! எங்கடி அது?"

படத்தைப் பிடுங்கி என் முகத்தைப் பார்த்து வீசினார். கையைக் குறுக்கே வைத்தேன். ஃபிரேமின் கண்ணாடி உடைந்து முழங்கைக்குக் கீழே சதை பிளந்தது. விழுந்த என்னை வயிற்றில் உதைத்தார். பார்க்க வந்தவர்கள் சுவரோரம் ஒதுங்கிப் போனில் படம் பிடித்தார்கள். அவர் மறுபடி காலைத் தூக்கியபோது, அக்கா அங்கே கிடந்த இரும்பு ஸ்டூலை எடுத்து அவர் முதுகில் அடித்தாள். திரும்பினார். முழங்காலில் அடித்தாள். அவர் அலறி உட்கார்ந்துவிட்டார்.

"வுடுங்கடி என்ன! இவன இன்னிக்கு கொன்னுட்டுதான் போவேன்!"

மூன்றாவது முறை ஓங்கியவளை என் தோழிகள்தான் கட்டிப் பிடித்தார்கள்.

எனக்குத் தையல் போட்டதும் ஸ்டேஷனுக்குப் போனோம். பாத்ரூமில் விழுந்தேன் என்று அக்கா இம்முறை சொல்லவில்லை. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்து நடந்த அத்தனையையும் தெலுங்கில் நிறுத்தாமல் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த பெண் கான்ஸ்டபிள் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தாள்.

என் அறைக்கு வந்த பிறகுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அது என் மூஞ்சி. ஒரு வார்த்த கேட்டியா? காலைல உன் படத்துக்குத்தான் நான் அடி வாங்கினேன். செத்துப் போயிருந்தா இன்னா பண்ணியிருப்பே? அதையும் வெட்டி ஒட்டியிருப்பியா?"

"தப்புதான்கா. மன்னிச்சுடு."



மறுநாள் காலை அக்கா கத்தரிக்கோலைக் கேட்டாள். கல்யாண ஆல்பத்தில் எங்கள் குடும்பம் மொத்தமும் நிற்கும் படத்தை எடுத்து, நைனா, அம்மா, பெரியப்பா, நான் என எல்லோருடைய கண்களையும் ஒவ்வொன்றாக வெட்டி, மணப்பெண்ணாக நின்ற தன் படத்தின் புடவை முழுக்க ஒட்டினாள். என் கண்கள் அவள் கழுத்துக்குக் கீழே வந்தன.

"தாடை ஒடஞ்சது உனக்குத் தெரிஞ்சுது. நீங்கல்லாம் பாத்துக்கினே இருந்தது தெரியலியா?"

கண்காட்சியின் கடைசி நாள் அதைத்தான் மாட்டினோம்.

கேஸ் இன்னும் நடக்கிறது. அக்கா சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். வாய்தாவுக்கெல்லாம் நானும் கூடப் போகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இடம் போட்டு வைப்பாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை.