நடு மூஞ்சி

பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்ட பிறகு என்னை யாரும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டதில்லை. போன வருஷம் அரியலூரிலிருந்து ஒரு காலேஜ் பெண் வந்து கேட்டாள். செல்போன் வைத்திருப்பவர்களுக்கு மனசு எப்படி இருக்கிறது என்று அளக்கிறார்களாம். என் மனசை அளக்க ஒரு படித்த பெண் குன்னம் தாண்டி பஸ் ஏறி வந்திருக்கிறாளே என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மோரைக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்தேன்.

எதிரே மருமகளும் அரிந்துகொண்டிருந்தாள். என் பயமே அவள்தான். கீழப்பழுவூரில் இருக்கிற என் தங்கையும் நானும் காலையில் போன் போட்டால் அணைப்பதில்லை. அதிகம் பேசவும் மாட்டோம். போட்டு வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். அவள் தாளிக்கிற சத்தம் இங்கே கேட்கும். நான் இருமினால் அங்கிருந்து, "தண்ணி குடி" என்பாள். வீட்டுப் பேச்சு வெளியே போவது மருமகளுக்குப் பிடிக்காது. தெரிந்தால் போன் பீரோ மேலே ஏறிவிடும். அதனால் அது வெங்காயக் கூடைக்குள் தாள் மூடிக் கிடக்கும். மருமகள் பக்கத்தில் இருந்தால் தங்கை வாய் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. அன்றும் அப்படித்தான் கிடந்தது.

அந்தப் பெண் ஐந்து மூஞ்சிப் படம் காட்டினாள். அழுகிற மூஞ்சி ஒரு கோடியில், சிரிக்கிறது மறு கோடியில்.

"போன்ல வேணுங்கறத நீங்களாவே செஞ்சுக்க முடியுதாங்கம்மா?"

நடு மூஞ்சியைத் தொட்டேன்.

"உங்க இஷ்டத்துக்கு வச்சுக்க முடியுதா?"

மருமகளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு மறுபடியும் நடு மூஞ்சி. கல்யாணத்துக்குப் போனாலும் நடு வரிசையில் போய் ஒளிகிற ஆள் நான்.

"எல்லாத்துக்கும் இதையே தொடுறீங்களே. சரி, போனால யாராவது கூடவே இருக்கற மாதிரி தோணுதா?"

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அதுபாட்டுக்குக் கெடக்கும்."

"அதுபாட்டுக்குக் கெடக்குதா?" என்றது வெங்காயக் கூடை. "ஏன்க்கா, நான் என்ன சும்மாவா கெடக்கேன்?"

மருமகள் கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாளை விலக்கிப் போனை எடுத்தாள்.

"சின்னத்தை, எம்புட்டு நேரமா இருக்கீங்க?"

"இட்லி அவிச்சதுலேர்ந்து இருக்கேன்மா. ஒன் மாமியாரு அம்மிக்கல்லாட்டம் ஒக்காந்திருக்குன்னியே, அதுவும் கேட்டுச்சு. நாயந்தான்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அம்மிக்கல்லாகவே உட்கார்ந்திருந்தேன்.

"பதில மாத்திப் போட்டுக்கட்டுங்களாம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"கடைசி மூஞ்சியப் போடு பாப்பா" என்றாள் தங்கை.

"அதுக்கு முந்துனது போதுங்க" என்றேன். பல்லைக் காட்டுகிற மூஞ்சி எனக்குப் பொருந்தாது.

போன் பீரோ மேலே ஏறவில்லை. கூடையிலிருந்து அடுப்பு மேடைக்குக் குடி வந்துவிட்டது. என்னைப் பற்றிக் குறை சொல்ல மருமகள் இப்போது பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை. அங்கேயே நின்று என் தங்கையிடம் சொல்கிறாள், அவளும் ஆமாம் போடுகிறாள். எனக்குப் பேச இடமே கிடைப்பதில்லை. சும்மாவாவது இருமிப் பார்க்கிறேன். "தண்ணி குடி" என்கிறாள் தங்கை. "குடிங்கத்தை" என்கிறாள் மருமகள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள்.