பேய்க்கு ஏன் இடம் இல்லை

எங்கள் ஊர்க் கழகத்தின் ஆண்டு மலருக்கு ஊர் மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லித் தாருங்கள் என்று, கழகத்துக்குத் தலைவராக இருக்கிற தம்பி நிறோஜன் என்னிடம் கேட்டான். பழைய கூத்து அண்ணாவியாரைப் பற்றியோ கோயில் மணி அடித்தவரைப் பற்றியோ சொல்லுவேன் என்று நினைத்திருப்பான். நான் என் தம்பி மில்ரனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பேத்தி சுவேதினி எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது என்று சொல்லித்தான் அவளைக் கதிரையில் இருத்தியிருக்கிறேன்.

மில்ரன் கரைவலை இழுக்கிறவன். ஐம்பது தாண்டிவிட்டது. சண்டை சச்சரவுக்குப் போகாதவன், வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடினால் அடுத்த மீன்வாடி வரைக்கும் கேட்கும். ஊருக்கு அவனைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். ஆனால் உலகத்தில் மல்யுத்தம் பிடித்தவர்கள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினால் முதலாவதாக நிற்க வேண்டியவன் அவன். நான் சொன்னால் சிரிப்பார்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

போன வருடம் ஆனி மாதம் அந்தோனியார் திருவிழாவுக்கு முன்னர் கழகக் கட்டடத்துக்கு வெள்ளை அடித்தார்கள். அடித்த கையோடு, கடற்கரைப் பக்கத்துச் சுவரில் உலகத்தின் தலைசிறந்த மல்யுத்த வீரர்கள் என்று பத்துப் பேரை வரைந்தார்கள். யார் முதலாவது, யார் இரண்டாவது என்று ஒரு கிழமையாகத் தங்களுக்குள் அடிபட்டுத்தான் வரைந்தார்கள். கறுப்புத் தொப்பியோடு சவப்பெட்டிக்குள்ளிருந்து எழும்பி வருகிறவன் முதலாவது. ஒற்றைப் புருவத்தைத் தூக்கிப் பார்க்கிறவன் இரண்டாவது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டுகிறவன் மூன்றாவது. எனக்குப் பேர் வராது, ஆட்களைத் தெரியும். இரண்டு பேரன்மாரை வளர்த்த வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வேறு யார் இருந்தார்கள்.

பத்தாவது ஆள் எங்கள் ஊர் றொட்னி. பாரிசில் இருக்கிற அதே றொட்னி.

சந்தையால் வந்தவள் பையையும் இறக்கி வைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். கழகத்துப் பிள்ளை டிலுக்சன் ஏணியில் நின்று றொட்னியின் புயத்துக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தான்.

"அன்ரி, பத்தாவது ஆர் எண்டு தெரியுதோ?" என்றான் நிறோஜன்.

"தலைமயிர் றொட்னின்ரை. உடம்பு ஆரின்ரை?"

"பழைய படம் ஒண்டும் கிடைக்கேல்லை அன்ரி," என்றான் டிலுக்சன். "புயம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"பேய் எங்கை?"

"எந்தப் பேய்?"

"கார்னிவேலிலை றொட்னியோடை மல்லுப் பிடிச்ச கறுப்புப் பேய்."

அங்கு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். "அன்ரி, அந்தப் பேய் ஒரு நாளாவது வெண்டதோ?" என்றான் நிறோஜன். "எல்லா நாளும் தோத்தவனை எங்கை கொண்டுபோய்ப் போடுறது? சுவருக்குப் பின்பக்கந்தான் போட வேணும்."

சந்தைப் பையோடு வீட்டுக்கு நடந்தேன். அவர்களிடம் உண்மையைச் சொல்லவும் முடியாது. அந்தக் கறுப்புப் பேய் என் தம்பி மில்ரன். ஊரில் அது எனக்கும் அவன் மனைவிக்கும் றொட்னிக்கும் மட்டும் தெரிந்த விசயம். அன்றைக்கே நினைத்தேன், இந்த வரிசையில் என் தம்பி ஏறாமல் நான் விடமாட்டேன் என்று.

போர் நின்றிருந்த சமாதான காலத்தில் மன்னாருக்கு ஒரு கார்னிவேல் வந்தது. பாதை திறந்து, சனம் பயமில்லாமல் பொழுதுபட வெளியே வரத் தொடங்கிய காலம். மில்ரன் அங்கே கூடாரம் கட்டுகிற வேலைக்குப் போனான். கரைவலைக்காரனுக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா. கம்பத்தின் உச்சியில் நின்று கட்டும்போது கை வழுக்கி, மணலில் முதுகு அடிபட விழுந்தான். விழுந்தவன் மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பவும் ஏறினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கார்னிவேல்கார நடராசா அவனைக் கீழே கூப்பிட்டார். மல்யுத்தக் கூடாரத்துக்கு வெல்லுகிறவன் ஏற்கெனவே அவரிடம் இருந்தான். அவன்தான் றொட்னி. நல்ல உயரம், தோள் வரைக்கும் மயிர், சிரித்தால் பெண்பிள்ளைகள் பார்ப்பார்கள். விழுகிறவன்தான் கிடைக்கவில்லையாம். விழத் தெரிந்த ஒருவனை ஊர் ஊராகத் தேடிக்கொண்டு திரிந்தாராம்.

விழுவது என்றால் சும்மா விழுவது என்று நினைக்கிறார்கள். தலையைக் குனிந்து நாடியை நெஞ்சோடு வைக்க வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். முதுகு முழுவதும் ஒரேயடியாகப் பலகையில் படவேண்டும். ஒரு பக்கம் முந்தினால் எலும்பு போய்விடும். இதையெல்லாம் அவன் என் வீட்டு வளவில்தான் பழகினான். பழைய வலைகளைக் குவித்துவிட்டு, கிணற்றுக் கட்டில் ஏறி நின்று விழுவான். என் கோழிகள் முட்டையிட இடமில்லாமல் பக்கத்து வளவுக்குப் போயின. இன்னொன்றும் இருக்கிறது. தூக்குகிறவன் தூக்கும் நேரம் பார்த்து இவன் தானாகத் துள்ள வேண்டும். துள்ளினால்தான் மற்றவன் தலைக்கு மேலே தூக்குகிற மாதிரி இருக்கும். ஆக, பார்க்கிற சனத்துக்கு றொட்னியின் பலம் தெரியும். அந்தப் பலம் மில்ரனின் காலுக்குள் இருந்தது.

றொட்னிக்குத் தங்கச் சுறா என்று பேர் வைத்தார்கள். மன்னார்ப் புலி என்றுதான் நடராசா முதலில் யோசித்தாராம். சோதனைச் சாவடி தாண்டி ஊர் ஊராகப் போகவேண்டிய மனிதர் பிறகு சுறா போதும் என்று விட்டுவிட்டார். மில்ரனுக்குக் கறுப்புப் பேய். பேய்க்கு முகமூடி வேண்டும். என் அவர் கண்ணை மூடிய வருடம் துக்கத்துக்குத் தைத்த கறுப்பு உள்பாவாடை ஒன்று கிடந்தது. அதை வெட்டி நானே தைத்துக் கொடுத்தேன். மன்னாரையே பயப்படுத்திய பேய் என் பாவாடைக்குள்தான் இருந்தது.

வங்காலை, உயிலங்குளம், அடம்பன் என்று கூடாரம் போனது. போன இடமெல்லாம் றொட்னியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பேய் கூடாரத்தின் பின்பக்கத்தால் ஓடி, முகமூடியைக் கழற்றி மடிக்குள் வைத்துக்கொண்டு, கடைசி பஸ்ஸில் வீடு வந்து சேரும். உயிலங்குளத்தில் ஒரு கிழவர் குடையால் அவன் முதுகில் அடித்துவிட்டார். அதை என்னிடம் சொல்லும்போது அவனுடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, கிழவர் ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்து, கயித்துக்குள்ளாலை பூந்து வந்து அடிச்சவர்."

"நொந்ததோ?"

"நொந்ததுதான். ஆனா அந்த மனிசன் இண்டைக்கு நல்லா நித்திரை கொள்ளும்."

அடம்பனுக்கு நானும் போனேன். சனம் பேயின் தாயை ஏசியது. பேயின் தாய் எனக்கும் தாய்தானே. எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி எழும்பி நின்று ஏசினாள். அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டேன். ஏன் என்று கேட்டாள். பின்னுக்கு இருக்கிறவர்களுக்கு மறைக்கிறது என்றேன்.

பிறகு போர் திரும்பவும் வந்தது. கார்னிவேல் போனது, றொட்னி பாரிசுக்குப் போனான், மில்ரன் வலைக்குத் திரும்பினான். முகமூடி என் அலுமாரிக்குள் கிடந்தது.

இந்த வருடத் திருவிழாவுக்கு றொட்னி வந்தான். தலை பாதி மொட்டை, வயிறு முன்னுக்கு. சுவரில் தன் படத்தைக் கண்டவுடன் பழைய சண்டையை ஒருமுறை ஊருக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை பிடித்துவிட்டது. மில்ரன் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

"கடைசியா ஒருக்கா மச்சான். முகமூடி இருக்குத்தானே?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "அந்த நாளையிலை இவனைத் தூக்கி எறியிறது எனக்குப் பஞ்சு மாதிரி அன்ரி," என்றான்.

"பஞ்சு தானாத் துள்ளினது தம்பி," என்றேன்.

மில்ரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "அக்கா, தேத்தண்ணி போடுங்கோ," என்றான். தேத்தண்ணி போடப் போனேன், சீனி போடவில்லை. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லி றொட்னி அதைத் தானே நம்பிவிட்டான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

திருவிழாவுக்கு முந்தின நாள் பின்னேரம் கடற்கரையில் மேடை போட்டார்கள். லொறி ரயருக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே தும்பு மெத்தை, அதற்கு மேலே லொறிக்கு மூடுகிற நீலப் படங்கு. நாலு மூலைக்கும் கரைவலைக் கயிறு. நடுவர் நிறோஜன். என் பக்கத்தில் மில்ரனின் மகள் நிறஞ்சலா இருந்தாள். பள்ளிக்கூடம் முடித்து ஏஎல் சோதனை எழுதிவிட்டு இருக்கிற பிள்ளை. அவளுக்கும் தெரியாது. பேய் மேடையில் ஏறியதும் ஊரோடு சேர்ந்து கூவினாள். "அடியுங்கோ அங்கிள், பேயை எழும்ப விடாதேங்கோ," என்று தொண்டை கிழியக் கத்தினாள். நான் அவளுடைய தொடையில் நுள்ளினேன்.

"என்ன மாமி?"

"நுளம்பு கடிச்சிருக்கும்," என்றேன்.

கடைசியில் றொட்னி பேயைத் தோளுக்கு மேலே தூக்கினான். தூக்கினான் என்று சொல்லுகிறேன், துள்ளியது யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். தூக்கி ஒரு சுற்றுச் சுற்றும்போது றொட்னியின் முழங்கால் மடிந்தது. அப்படியே விட்டிருந்தால் மில்ரனின் முழுப் பாரமும் றொட்னியின் கழுத்தில் இறங்கியிருக்கும். பேய் மேலே இருந்தபடியே அவன் கழுத்தை வளைத்துப் பிடித்தது. உடம்பைத் திருப்பித் தான் கீழே போய், தன் முதுகைப் பலகையில் அடித்து, றொட்னியைத் தன் நெஞ்சில் வாங்கியது. சனத்துக்கு அது றொட்னி பாய்ந்து விழுத்திய மாதிரி இருந்தது. ஊரே எழும்பி நின்றது. நிறஞ்சலா கதிரையில் ஏறி நின்று கைதட்டினாள்.

நிறோஜன் மூன்று எண்ணக் குனிந்தான். அப்போது முகமூடிக்குள்ளிருந்து வந்த சத்தம் அவன் காதில் விழுந்ததாம். "காலை அசைக்காதை மச்சான். என்ரை மேலை அப்பிடியே கிட. அவன் மூண்டு எண்ணட்டும்." அம்பாப் பாடுகிற குரலை இந்தக் கரையில் யாருக்குத் தெரியாது. இரண்டுக்குப் பிறகு மூன்றைச் சொல்ல நிறோஜனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

மில்ரனுக்கு விலா எலும்பில் வெடிப்பு. வள்ளத்தில் வழுக்கி விழுந்தது என்று டொக்டரிடம் சொன்னான், வீட்டிலும் மகளிடம் அதையே சொன்னான். அடுத்த நாள் திருவிழாச் சாப்பாட்டுக்கு றொட்னி என் வீட்டுக்கு வந்தான். "ஆள் இப்ப பாரம் கூடிப்போனான் அன்ரி. அதாலைதான் கால் பிசகினது," என்றான். அவனுடைய சோற்றுக் கோப்பையில் போட எடுத்த மீன் தலையை நான் திரும்பச் சட்டிக்குள்ளே போட்டேன்.

அன்று பின்னேரம் நிறோஜனும் டிலுக்சனும் மில்ரனைத் தேடி வந்தார்கள். நிறஞ்சலா கோயிலடியில் நின்றாள். மில்ரன் நெஞ்சில் கட்டோடு சாய்ந்திருந்தான். நிறோஜன் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா, உங்களைப் பதினொராவதாப் போடுறம்," என்றான்.

"பதினொண்டோ?" என்றேன் நான்.

"அக்கா, சும்மா இருங்கோ. தம்பி, சுவரிலை ஒண்டும் கீற வேண்டாம்."

"ஏன் மாமா? எல்லாம் பொய் அடி எண்டு எங்களுக்குத் தெரியுந்தானே."

பொய் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "பெரிய வெள்ளிக்குப் பாஸ் நாடகத்திலை யேசுவா நிண்டது ஆர்? டிலுக்சன்ரை சித்தப்பா. சிலுவையிலை செத்தவரோ? அடுத்த நாள் காலமை பாண் வாங்க வந்து நிண்டவர். பிறகேன் ஊரோடை இருந்து அழுதனீங்கள்? அதைப் பொய் எண்டு சொல்லுவியளோ?"

மில்ரன் சிரிக்கப் போய், விலாவைப் பிடித்துக்கொண்டான். "றொட்னி அங்கை தன்ரை பிள்ளையளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் வளத்தவன். பேய்க்கு முகத்தைக் கீறினா, அந்தப் பிள்ளையள் தேப்பனை என்னெண்டு பாக்குங்கள்?" என்றான்.

"உன்ரை பிள்ளை உன்னை அடிக்கச் சொல்லிக் கத்தினவள்," என்றேன்.

"கேட்டது அக்கா. அவளின்ரை சத்தந்தான் எல்லாத்திலும் கூட."

அதைச் சொல்லும்போது அவனுக்கு அப்படி ஒரு சந்தோசம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

சுவரில் இன்றைக்கும் பத்துப் பேர்தான். மலருக்கு நான் சொல்லப் போகிறேன் என்று மில்ரனிடம் சொன்னேன். "நீங்கள் விடமாட்டியள். றொட்னியைக் குறைச்சு மட்டும் சொல்லாதேங்கோ," என்றான். குறைத்துச் சொல்லவில்லை. அவனுக்கு நல்ல தலைமயிர் இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

தொப்பிக்காரனையும் புருவக்காரனையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்களும் நல்லாய்த்தான் பிடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கீழே எவனோ ஒருவன் நாடியை நெஞ்சோடு வைத்து விழுந்திருக்கிறான். அவனுடைய முகத்தை எந்தச் சுவரிலும் நான் காணவில்லை. கழகத்துப் பிள்ளைகள் தங்கள் பத்துப் பேரையும் இரண்டாம் இடத்திலிருந்து வரிசைப்படுத்தட்டும். முதலாம் இடத்தில் ஆள் இருக்கிறது.

நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வரலாம். முகமூடி அலுமாரிக்குள் இருக்கிறது, உள்ளே இன்னும் பாவாடை நாடா ஓடிய மடிப்புத் தெரியும். நிறஞ்சலா, இதை வாசித்துவிட்டு நீதான் முதலில் வரவேண்டும். வரும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. பெரிய மீன் தலை ஒன்று எடுத்து வைக்கிறேன்.